'பரவாயில்லை டாக்டர்' என்று சொல்லும் அப்பா

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பு எலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவியிருக்கிறது. இரவெல்லாம் முனகுகிறார். டாக்டரிடம் போனால் 'பரவாயில்லை' என்கிறார். பத்துக்கு எவ்வளவு வலி என்று நர்ஸ் கேட்டால் எப்போதும் 'அஞ்சு'தான். நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். பழகிவிடுமோ என்று பயந்து, ரொம்ப வலித்தால் மட்டும் கொடுக்கிறேன். அவர் வலியை டாக்டருக்கு எப்படிப் புரியவைப்பது?
– வாசகி, விழுப்புரம்

பதில்: முதலில் ஓர் எச்சரிக்கை. முதுகுவலி திடீரென்று கூடினால், படுக்கும்போதோ இருமும்போதோ அதிகமானால், கால் துவண்டால், மரத்துப்போனால், சிறுநீர் இறங்காவிட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நடு இரவானாலும் சரி. முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். நடை போனபிறகு மீட்பது கடினம்.

இனி அந்த 'அஞ்சு'. அசையாமல் படுத்திருக்கையில் 3, எழுந்து கழிவறைக்குப் போகையில் 8 என்றிருந்தால், நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். அதனால் பிரித்துக் கேளுங்கள்: இப்போது எவ்வளவு, நேற்றிலிருந்து மிக அதிகம் எவ்வளவு, நடந்தால் எவ்வளவு? 0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் அதற்குமேல் வலியே இருக்க முடியாது. 3 வரை லேசு, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 10 வரை கடுமை. எண் பிடிபடவில்லையா, 'ஒரு ரூபாய்க்கு எத்தனை பைசா வலிக்குது?' என்று கேட்டுப் பாருங்கள்.

எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வாயில் வரும் சொல். 'வலிக்குதா?' என்றால் 'ம்'தான் வரும். 'எப்படி வலிக்குது?' என்று கேளுங்கள். 'குடையுது, கடுக்குது' என்கிறார், ஒரு விரலால் இடத்தைக் காட்டுகிறார், அசைந்தால் கூடுகிறது: பெரும்பாலும் எலும்பு வலி. 'பிசையுது, முறுக்குது' என்று உள்ளங்கையால் வயிறு முழுக்கத் தடவுகிறார்: உள்ளுறுப்பு வலி. (இது வேறு இடத்திலும் தெரியும், கல்லீரல் வீங்கினால் வலது தோள் வலிக்கலாம்.) 'எரியுது, சுரீர்னு ஷாக் அடிக்குது, இடுப்புலேர்ந்து கெண்டைக்கால் வரைக்கும் ஓடுது, வேட்டி உரசினாலே தாங்கல': இது நரம்பு வலி. மரத்துப்போன இடத்திலேயே வலிப்பதும் இதில் உண்டு; அவர் முரண்டாகப் பேசுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த வேறுபாடு சிகிச்சையையே மாற்றும். எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு நன்றாகக் கேட்கும். பலருக்கு ஒரே தவணை போதும். நரம்பு வலிக்கு மார்ஃபின் மட்டும் போதாமல், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகளைச் சேர்க்க வேண்டிவரலாம். அப்பாவுக்கு இரண்டு வலியும் சேர்ந்தே இருக்க வாய்ப்புண்டு. அதனால் ஒரு தாளில் மனித உருவத்தை முன்புறம், பின்புறம் வரைந்து, வலிக்கும் இடத்தை அவர் கையாலேயே தீட்டச் சொல்லுங்கள். எரிச்சலுக்குச் சிவப்பு, குடைச்சலுக்கு நீலம்.

மூன்று நாள் நோட்டு எழுதுங்கள்: நேரம், எண், சொல், என்ன செய்யும்போது வந்தது, மாத்திரை கொடுத்த நேரம், ஒரு மணி நேரம் கழித்து எண். அடுத்த மாத்திரைக்கு முன்பே தினமும் வலி ஏறினால், அளவு போதவில்லை. எழுந்தால் மட்டும் என்றால், குளிக்க வைக்கும் முன் கூடுதலாக ஒன்று தரலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். ஆனால் மாத்திரையை எழுதியபடி நேரத்துக்குக் கொடுத்தால்தான் இந்தக் கணக்கு பொருள்படும். வலி முற்றியபின் கொடுத்தால் அது வேலை செய்யவே அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுவது போதைப் பழக்கம் ஆகாது. மார்ஃபினால் மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். மலமிளக்கி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்பா ஏன் மறைக்கிறார் என்பதையும், உறவினர் யாரும் இல்லாதபோது, மெதுவாகக் கேளுங்கள். வலி என்று சொன்னால் நோய் முற்றிவிட்டதாக ஆகிவிடும், பிள்ளைகளுக்குச் செலவு கூடும் என்று பயந்து அடக்கிக்கொள்பவர்கள் நிறையப் பேர். அவர் தூங்குவதுபோல் இருந்தாலும் புருவம் சுருங்கியிருக்கிறதா, புரள மறுக்கிறாரா என்று பார்த்து எழுதுங்கள். ஆனால் அவர் சொல்லும் எண்ணை உங்கள் ஊகத்தால் திருத்தாதீர்கள். இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

டாக்டர் அறைக்குள் நுழைந்ததும், அவர் 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்பதற்கு முன்பே நோட்டை நீட்டிவிடுங்கள்.