படர்தாமரைக்கு டீ ட்ரீ ஆயில் தடவலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருக்கிறேன். எட்டு மாதமாக இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை. முதலில் மெடிக்கலில் கேட்டு ஒரு ஆயின்ட்மென்ட் வாங்கிப் போட்டேன். போட்டால் அடங்கும், விட்டால் வட்டம் முன்பைவிடப் பெரிதாகும். அப்புறம் ஒரு டாக்டரிடம் காட்டி தெர்பினாஃபின் மாத்திரை ஒரு மாதம் சாப்பிட்டேன். முழுதாகப் போகவில்லை. இப்போது மனைவிக்கும் நாலு வயது மகளுக்கும் வந்துவிட்டது. மருந்துக்கு அடங்காத கிருமியைக்கூட டீ ட்ரீ ஆயிலும் கிராம்பு எண்ணெயும் கொன்றுவிடும், ஆராய்ச்சியிலேயே சொல்லியிருக்கிறார்கள் என்கிறார் நண்பர். தடவலாமா? எத்தனை சொட்டு? உள்ளுக்கும் சாப்பிடலாமா?

பதில்: உள்ளுக்குச் சாப்பிடவே வேண்டாம். இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

உங்கள் நண்பர் சொன்னது பொய் இல்லை. நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறவன். படர்தாமரை உண்டாக்கும் பூஞ்சையைத் தட்டில் வளர்த்து, அதில் இந்த எண்ணெய்களைக் கலந்து பார்த்தால், நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான அளவிலேயே பல பூஞ்சைகள் வளர்வதை நிறுத்திவிடும். மருந்துக்கு அடங்காத வகையும் அப்படித்தான். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன.

அது ஏன் என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். பூஞ்சையின் செல்லைச் சுற்றியுள்ள சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு வேண்டும். அதைத் தயாரிக்கும் ஒரு நொதியைப் பிடித்து முடக்குவதுதான் தெர்பினாஃபினின் வேலை. நம் நாட்டில் இப்போது பரவியிருக்கும் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சையில், பல நோயாளிகளிடம், அந்த நொதியில் ஓர் இடம் மட்டும் மாறியிருக்கிறது. பூட்டை மாற்றிவிட்டால் பழைய சாவி நுழையாதல்லவா, அதுபோல மருந்து போய் ஒட்டுவதில்லை. இதற்குத் தனிப் பெயர் வைத்தது 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இதே பூஞ்சை இருந்ததை 2023-ல் அறிவித்தபோது அமெரிக்காவில் அது செய்தியானது. நம் ஊர்த் தோல் மருத்துவர்களோ பல வருடமாக இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணெய்க்குப் பூட்டைப் பற்றிக் கவலையே இல்லை. டீ ட்ரீ ஆயிலில் இருக்கும் டெர்பினென்-4-ஆல், கிராம்பில் இருக்கும் யூஜெனால், ஓமத்தில் இருக்கும் தைமால் எல்லாமே கொழுப்பில் கரைகிற பொருட்கள். நேராகச் சவ்வுக்குள் புகுந்து அதைக் குலைத்து, செல்லுக்குள் இருப்பதை வெளியே ஒழுக விடுகின்றன. கதவைத் திறக்காமல் சுவரை இடித்துக்கொண்டு போவது மாதிரி. அதனால் நொதி மாறியிருந்தாலும் மாறாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஸ்பிரிட்டும் பிளீச்சிங் பவுடரும்கூட மருந்துக்கு அடங்காத கிருமியைத் தட்டில் கொல்லும். சுவரை இடிக்கிற பொருள் யார் வீட்டுச் சுவர் என்று பார்ப்பதில்லை. நம் தோலுக்கும் குடலுக்கும் கல்லீரலுக்கும் சவ்வு உண்டு.

உள்ளுக்குச் சாப்பிடுவது ஏன் ஆபத்து என்பதற்குக் கணக்கே போதும். தட்டில் அரை சதவீதம் தேவைப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். அதில் அரை சதவீதம் என்றால் 25 மில்லி. இது ரத்தத்துக்கு மட்டும். உடம்பின் மற்ற நீரையும் சேர்த்தால் அளவு எங்கேயோ போய்விடும். 5 முதல் 10 மில்லி வரை கிராம்பு எண்ணெய் குடித்துவிட்ட இரண்டு வயதுக் குழந்தை நினைவிழந்து, வலிப்பு வந்து, கல்லீரல் பாதிக்கப்பட்டுக் கிடந்ததை 1993-ல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. ‘நான் ரெண்டு சொட்டுதானே குடிக்கப் போகிறேன்’ என்றால், அந்த ரெண்டு சொட்டைக் கல்லீரல் உருமாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். இடுப்புத் தோலில் இருக்கும் பூஞ்சைக்கு எதுவும் போய்ச் சேராது. ‘நேச்சுரல் ஆன்டிபயாடிக்’ என்று ஓரிகானோ எண்ணெயைக் கேப்ஸ்யூலில் அடைத்து விற்கிறார்கள். அதற்கும் இதே கணக்குதான்.

சரி, வெளியே தடவுவதற்கு வருவோம். இங்கே எண்ணெய்க்கு நியாயமான வாய்ப்பு இருக்கிறது. ரத்தம் வழியாகச் சுற்றிப் போக வேண்டாம், கிருமி இருக்கிற இடத்திலேயே நேராக வைக்கலாம். பல்லுக்கும் ஈறுக்கும் தைமால், யூகலிப்டால், மென்தால் கலந்த வாய்க் கொப்பளிப்பான் பல்லில் படியும் கிருமிப் படலத்தைக் குறைக்கும் என்பது நன்றாகவே நிலைநாட்டப்பட்ட விஷயம்.

(டீ ட்ரீ என்றதும் நீலகிரித் தேயிலைச் செடியை நினைத்துவிடாதீர்கள். இது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பக்கத்து மரம். நம் நாவல், கொய்யா, கிராம்பு எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள்.)

தோல் பூஞ்சைக்கு டீ ட்ரீ ஆயிலை மனிதர்களிடம் சோதித்த இரண்டு ஆய்வுகளை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டுமே ஆஸ்திரேலியாவில், பாதத்தில் வரும் பூஞ்சைக்குச் செய்தவை. 1992-ல் 104 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 10 சதவீத டீ ட்ரீ கிரீம், இன்னொரு பிரிவுக்கு டோல்நாஃப்டேட் என்ற பூஞ்சை மருந்து, மூன்றாவது பிரிவுக்கு மருந்தே இல்லாத வெறும் கிரீம் கொடுத்தார்கள். அரிப்பு, எரிச்சல், தோல் உரிதல் எல்லாம் டீ ட்ரீ கிரீமிலும் மருந்து அளவுக்கே குறைந்தன. அப்புறம் தோலைச் சுரண்டி எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். டோல்நாஃப்டேட் போட்டவர்களில் 85 சதவீதம் பேரிடம் பூஞ்சை இல்லை. டீ ட்ரீ கிரீமில் அது 30 சதவீதம். வெறும் கிரீமில் 21 சதவீதம்.

அந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அரிப்பு போய்விட்டது, பூஞ்சை அப்படியே இருக்கிறது. முதன்முதலில் மெடிக்கலில் வாங்கிப் போட்டீர்களே, அந்த ஆயின்ட்மென்ட் உங்களுக்குச் செய்ததும் இதுதான். நீங்கள் சொல்கிற விதத்தைப் பார்த்தால் அதில் குளோபெட்டசால் மாதிரி ஸ்டீராய்டு இருந்திருக்க வேண்டும். டியூபை எடுத்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கிவிடும். சிவப்பும் அரிப்பும் மறையும், பூஞ்சை எதிர்ப்பே இல்லாமல் பரவும். இப்படிப்பட்ட களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதியைக் கடுமையாக்கினார்கள். ஆனாலும் எங்கள் ஆய்வகத்துக்கு வருகிற படர்தாமரை நோயாளிகளிடம் கேட்டால், ஏதோ ஒரு டியூபை மாதக்கணக்கில் போட்டவர்கள்தான் அதிகம். எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம் இது.

2002-ல் வந்த இரண்டாவது ஆய்வில் அளவைக் கூட்டினார்கள். 158 பேர், 25 மற்றும் 50 சதவீதக் கரைசல்கள், தினம் இரண்டு வேளை, நான்கு வாரம். 50 சதவீதம் போட்டவர்களில் 64 சதவீதம் பேரிடம் பூஞ்சை போனது. வெறும் கரைசல் போட்டவர்களில் 31 சதவீதம். ஆக, அளவைக் கூட்டினால் எண்ணெய் வேலை செய்கிறது. கூடவே நாலு பேருக்குத் தோலில் மிதமானது முதல் கடுமையானது வரை அழற்சி வந்தது. கவனியுங்கள், அது பாதம், தொடையிடுக்கைவிடத் தடித்த தோல். உங்களுக்கு வந்திருப்பது தொடையிடுக்கில். அங்கே பாதிக்குப் பாதி எண்ணெயை வைத்தால், அதுவும் நாளெல்லாம் ஸ்டீம் அயர்ன் பக்கத்தில் வியர்த்து நிற்கிற உங்களுக்கு, என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டீராய்டு போட்டு மெலிந்துபோன தோலானால் இன்னும் மோசம்.

அளவைக் குறைத்துத் தேங்காய் எண்ணெயில் கலந்தால்? எரியாது, உண்மைதான். ஆனால் டீ ட்ரீயின் சத்து கொழுப்பை விரும்புவது. தேங்காய் எண்ணெய்க்குள்ளேயே சுகமாக இருந்துவிடும், பூஞ்சையைத் தேடிப் போவது குறைந்துவிடும். மிச்சம் கொஞ்சம் காற்றில் ஆவியாகும். பூஞ்சையோ மேல்தோலில் மட்டும் இல்லை, மெல்லிய ரோமங்களின் வேர்க்குழிக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கும். தடவுகிற மருந்து மட்டும் போட்டால் பலருக்கு முழுதாகப் போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியா விஷயத்திலும் கதை இப்படித்தான் போகிறது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமியை உடம்பில் சுமந்தவர்களுக்கு டீ ட்ரீ தயாரிப்புகளைக் கொடுத்து 2004-ல் பிரிட்டனில் பார்த்தார்கள். 41 சதவீதம் பேரிடம் கிருமி நீங்கியது, வழக்கமான மருந்தில் 49 சதவீதம். தோலில் டீ ட்ரீ நன்றாகவே வேலை செய்தது, மூக்கில் வழக்கமான மருந்துதான் மேல். நம்பிக்கை தருகிற முடிவு என்றுதான் நான் அதைப் படித்தபோது நினைத்தேன். 2013-ல் வட அயர்லாந்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களை 5 சதவீத டீ ட்ரீ திரவத்தால் குளிப்பாட்டினால் அந்தக் கிருமி தொற்றாமல் தடுக்கலாமா என்று பார்த்தார்கள். சாதாரணக் குழந்தைக் குளியல் சோப்பால் குளிப்பாட்டியதற்கும் அதற்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. தெர்பினாஃபின் பலிக்கவில்லை என்றதுமே ‘மருந்துக்கு அடங்காத கிருமி’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்டீராய்டு உள்ளே வேலை செய்திருக்கலாம், மனைவியிடமிருந்து திரும்ப ஒட்டியிருக்கலாம், ஒரு மாதம் போதாமலும் இருந்திருக்கலாம். தோல் மருத்துவரிடம் போய், வட்டத்தின் ஓரத்தைச் சுரண்டி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பூஞ்சையைத் தேடும் கே.ஓ.எச். பரிசோதனைக்குக் கேளுங்கள். பெரிய செலவு இல்லை, அன்றைக்கே முடிவு கிடைக்கும். போவதற்குச் சில நாள் முன்பிருந்து எந்தக் களிம்பும் எண்ணெயும் தடவாமல் இருந்தால்தான் பூஞ்சை கண்ணில் படும். எந்தப் பூஞ்சை என்று வளர்த்துப் பார்க்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மருத்துவர் தேவை என்றால் அதையும் செய்யலாம்.

தெர்பினாஃபின் பலிக்காத இடத்தில் பெரும்பாலும் இட்ராகோனசோல் கொடுப்பார்கள். அதன் கேப்ஸ்யூல் ரத்தத்தில் ஏற வயிற்றில் அமிலம் வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். நீங்கள் காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடுகிறவராக இருந்தால் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விலை கொடுத்து வாங்கிய மருந்து உடம்பில் ஏறாமலே போகும். கொழுப்புக்கு மாத்திரை, இதயக் கோளாறு, கல்லீரல் தொந்தரவு இருந்தாலும் சொல்லிவிடுங்கள். வட்டம் மறைந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தோல் சரியான பிறகும் கொஞ்ச நாள் தொடரச் சொல்வார்கள்.

இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருக்கிறீர்களா? கழற்றிவிடுங்கள். வியர்வையில் நனைந்து நனைந்து காயாமலே கிடக்கும் கயிற்றில் பூஞ்சை தங்கும், இடுப்பைச் சுற்றி வருவதற்கு அது பெரிய காரணம். வீட்டில் பெரியவர்கள் வருத்தப்பட்டால், குணமானதும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். ஆளுக்கொரு துண்டு. உள்ளாடையை வெந்நீரில் துவைத்து, வெயிலில் உலர்த்தி, உள்பக்கம் திருப்பி அயர்ன் செய்யுங்கள். அந்தத் தொழில் உங்கள் கையிலேயே இருக்கிறது. இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் டீ ட்ரீ ஆயிலைத் தடவித்தான் பார்ப்பேன் என்றால், மருந்தோடு கூட, மருத்துவருக்குத் தெரிந்து, கைகாலில் வட்டம் இருந்தால் அதற்கு மட்டும். 10 மில்லி தேங்காய் எண்ணெயில் 10 சொட்டு போட்டால் ஏறக்குறைய 5 சதவீதம். முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி வைத்து இரண்டு நாள் பாருங்கள். தொடையிடுக்கிலும் புண்ணான இடத்திலும் கூடாது. திறந்து பல மாதம் ஆன பாட்டில் வேண்டாம். காற்றும் வெளிச்சமும் பட்டால் அந்த எண்ணெய் மாறி, அலர்ஜி தரும் பொருட்கள் அதில் கூடும். வாங்கும்போது ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு வையுங்கள். நல்ல டீ ட்ரீ ஆயில் ஆவியாகிப் போய்விடும். மறுநாளும் எண்ணெய்க் கறை பளபளவென்று நின்றால் மலிவான எண்ணெய் எதையோ கலந்திருக்கலாம். கிராம்பு எண்ணெயைத் தோலில் தடவவே வேண்டாம், அது பொத்துப்போக வைக்கும்.

மகளுக்கு இந்த எண்ணெய் எதுவும் ஒரு சொட்டுகூட வேண்டாம். பாட்டில் வீட்டில் இருந்தால் அவள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது மூன்று பேரும் ஒன்றாகப் போங்கள். நீங்கள் இரண்டு பேர் மருந்து சாப்பிட்டுக் குணமாகி, அவள் தோலில் ஒரு சின்ன வட்டம் மிச்சம் இருந்தாலும், அவளைத் தூக்கி இடுப்பில் வைக்கிறபோது திரும்ப ஒட்டிக்கொள்ளும். போகும்போது அந்தப் பழைய டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள், மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.