அமெரிக்காவுல கவுண்டி கோர்ட்ல கிடக்குற பழைய கேஸ் பேப்பர எப்படி தேடி வாங்குறது?

கேள்வி கேட்டவரு டெக்சாஸ்ல இருந்தப்போ வாங்குன ஒரு டிராஃபிக் டிக்கெட்டுக்கும், அங்கயே முடிஞ்ச டைவர்ஸ் கேஸுக்கும் கோர்ட் பேப்பர் வேணும்னு கேட்டிருக்காரு. டிக்கெட் பேப்பர் சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷனுக்கு, டைவர்ஸ் பேப்பர் ஊர்ல காட்டுறதுக்கு. இப்ப வேற ஸ்டேட்ல இருக்காராம், நேர்ல போக முடியாதாம். நான் வக்கீல் இல்லைங்க, டல்லாஸ் பக்கம் ஒரு இமிக்ரேஷன் வக்கீல் ஆபீஸ்ல இந்த மாதிரி பேப்பர் எல்லாம் வரவழைக்குற வேலை பாக்குறேன், அதனால தெரிஞ்சத சொல்றேன். டெக்சாஸ் பத்திதான் விவரமா சொல்ல முடியும், மத்த ஸ்டேட் கொஞ்சம் கடைசில.

கவுண்டிங்குறது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. கவுண்டி கோர்ட்னா ஒரு கட்டடம், உள்ள ஒரு ரெக்கார்ட் ரூம், அங்க கேட்டா எல்லாம் குடுத்துருவாங்கன்னு நினைச்சுத்தான் முக்காவாசி பேர் ஆரம்பிக்கிறாங்க. அப்படி கிடையாது. டெக்சாஸ்ல 254 கவுண்டி இருக்கு, பெரிய கவுண்டி எதை எடுத்தாலும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் ஒருத்தர், கவுண்டி கிளார்க் இன்னொருத்தர், இவங்க ரெண்டு பேருமே எலெக்‌ஷன்ல நின்னு ஜெயிச்சு வர்றவங்க, அது போக ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்னு ஏரியா ஏரியாவா ஜேபி கோர்ட், அதுவும் போக ஒவ்வொரு சிட்டிக்கும் தனியா முனிசிபல் கோர்ட். எல்லாம் தனித்தனி ஆபீஸ், ஒருத்தர்கிட்ட இருக்குற ஃபைல் பெரும்பாலும் இன்னொருத்தர் கம்ப்யூட்டர்ல தெரியாது. நீங்க தப்பான கவுண்டர்ல கேட்டா "நோ ரெக்கார்ட்"னுதான் பதில் வரும், அதாவது எங்ககிட்ட இல்லன்னு அர்த்தம், எங்கயுமே இல்லன்னு அர்த்தம் இல்ல. இத புரிஞ்சுக்காம பயந்துபோய் ஃபோன் பண்றவங்கதான் அதிகம்.

டைவர்ஸ், குழந்தை கஸ்டடி, பெரிய கிரிமினல் கேஸ், பெரிய தொகை சிவில் கேஸ் எல்லாம் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிட்ட. உயில், எஸ்டேட் விவகாரம், வீட்டுப் பத்திரம், கல்யாண லைசென்ஸ், அப்புறம் நடுத்தர கிரிமினல் கேஸ் கவுண்டி கிளார்க்கிட்ட. கல்யாண சர்ட்டிஃபிகேட் கவுண்டி கிளார்க் குடுத்தாரே, டைவர்ஸும் அவரே வச்சிருப்பாருன்னு போறது ரொம்ப சகஜம், அங்க இருக்காது. 20,000 டாலர் வரைக்கும் உள்ள சின்ன சிவில் வழக்கு, வாடகை வீட்ட காலி பண்ணச் சொல்ற கேஸ் எல்லாம் ஜேபி கோர்ட். இதுலயும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு, ஹூஸ்டன் இருக்குற ஹாரிஸ் கவுண்டில நடுத்தர கிரிமினல் கேஸ் பேப்பர் கூட டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிட்டதான் இருக்கும், மக்கள் தொகை கம்மியான கவுண்டில ரெண்டு கிளார்க் வேலையையும் ஒரே ஆள் பாப்பாரு. அதனால கவுண்டி வெப்சைட்ட ஒரு தடவை திறந்து பாத்துட்டு ஃபோன எடுங்க.

டிராஃபிக் டிக்கெட்டுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு, உங்கள நிறுத்துனது யாருன்னு யோசிங்க. சிட்டி போலீஸ்னா முனிசிபல் கோர்ட், கவுண்டியோட ஷெரிஃப் ஆளு, கவுண்டி கான்ஸ்டபிள், ஹைவேல ஸ்டேட் ட்ரூப்பர்னா பெரும்பாலும் ஜேபி கோர்ட், அதுவும் அந்த ரோடு எந்த ப்ரீசிங்க்ட்ல, அதாவது கவுண்டிக்குள்ள எந்த வட்டாரத்துல வருதோ அந்த ஜேபி. டிக்கெட் பேப்பர் கையில இருந்தா அதுலயே கோர்ட் பேரு அச்சடிச்சிருக்கும். பேப்பர் தொலைஞ்சுபோச்சுன்னா ஃபைன் கட்டுன கார்டோட பழைய ஸ்டேட்மெண்ட தேடிப் பாருங்க, யாருக்கு காசு போச்சுன்னு அதுல இருக்கும்ல, அதுல பாதி பேருக்கு விடை கிடைச்சிருது.

இப்ப தேடுறது. இங்கதான் நம்ம ஆளுங்களுக்கு தனியா ஒரு தலைவலி, நம்ம பேரு. இந்த ஊர் கம்ப்யூட்டர் எல்லாம் லாஸ்ட் நேம், ஃபர்ஸ்ட் நேம்னு ரெண்டு கட்டத்த வச்சுத்தான் தேடும். நமக்கு அப்பா பேர்தான் லாஸ்ட் நேமு, இல்லன்னா இனிஷியல விரிச்சு எழுதுனது. பாஸ்போர்ட்ல முழுப் பேரையும் ஒரே கட்டத்துல போட்டு வந்தவங்களுக்கு விசாவுல எஃப்என்யூன்னு, அதாவது ஃபர்ஸ்ட் நேம் தெரியலன்னு அடிச்சு, அது லைசென்ஸ்ல ஏறி, லைசென்ஸ பாத்து போலீஸ்காரர் டிக்கெட்ல எழுதி, கோர்ட்ல ஒருத்தர் அதையே டைப் பண்ணி, கடைசில பழனிசாமி மகன் செந்தில்குமார் அந்த சிஸ்டத்துல எஃப்என்யூ செந்தில்குமார் பழனிசாமின்னு உக்காந்திருப்பாரு, இல்ல செந்தில் ஒரு பக்கம் குமார் ஒரு பக்கம்னு பிரிஞ்சு கிடப்பாரு. ழ வர்ற பேரா இருந்தா இசட்-எச், எல் ரெண்டு ஸ்பெல்லிங்கும் போட்டுப் பாருங்க, சுப்பிரமணியன்னா கடைசி எழுத்து எம்மா என்னான்னு ரெண்டும். ஃபர்ஸ்ட் நேம லாஸ்ட் நேம் கட்டத்துல போட்டு மாத்தித் தேடுங்க. நெறய கவுண்டி போர்டல்ல முதல் சில எழுத்த அடிச்சு பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி போட்டா அதுல ஆரம்பிக்கிற எல்லா பேரும் கொட்டும், அதுல பிறந்த தேதிய வச்சோ வருஷத்த வச்சோ சலிச்சு எடுக்கலாம். கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த பேரு, லைசென்ஸ் அப்ப இருந்த பேரு, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா அடிச்சுப் பாக்குறதுதான் வழி.

கேஸ் தட்டுப்பட்டா முதல்ல கேஸ் நம்பர குறிச்சுக்கோங்க, அதுக்கப்புறம் பேர வச்சு யாரும் குழம்ப மாட்டாங்க. ஸ்க்ரீன்ல தேதி வாரியா என்னென்ன தாக்கல் ஆச்சு, எப்ப ஹியரிங், எப்ப முடிஞ்சதுன்னு ஒரு வரி ஒரு வரியா லிஸ்ட் வரும், அதுல உங்களுக்கு எந்த பேப்பர் வேணுமோ அந்த வரியோட தேதியையும் குறிச்சுக்கோங்க. லிஸ்ட் தெரியுதேன்னு பேப்பரும் ஆன்லைன்ல கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க. டெக்சாஸ்ல ரீசர்ச் டிஎக்ஸ்னு ஸ்டேட் முழுக்க உள்ள சைட் ஒண்ணு இருக்கு, அக்கவுண்ட் போட்டு தேடலாம், ஆனா எலெக்ட்ரானிக்கா ஃபைல் பண்ண ஆரம்பிச்ச பிறகு உள்ள கேஸுக்குத்தான் அது உதவும், பழசு மைக்ரோஃபிலிம்லயோ எங்கயோ ஒரு குடோன்லயோ இருக்கும், எடுத்துட்டு வரவே நாளாகும். கலிஃபோர்னியால ரூலே வேற, ஃபேமிலி கேஸ், கிரிமினல் கேஸ் டாக்குமெண்ட பொதுமக்கள் வீட்டுல இருந்து பாக்க விட மாட்டாங்க, கோர்ட்டுக்குப் போய் அங்க வச்சிருக்குற கம்ப்யூட்டர்ல பாக்கணும்.

பேர அடிச்சா "கோர்ட் ரெக்கார்ட் கிடைச்சிருச்சு, காசு கட்டுங்க"ன்னு வர்ற பிரைவேட் சைட்டுக்கு தயவுசெஞ்சு காசு கட்டாதீங்க, அவங்க குடுக்குறத எந்த ஆபீஸ்லயும் வாங்க மாட்டாங்க. அதே மாதிரி பேசர்னு ஒரு கவர்மெண்ட் சைட் இருக்கு, பக்கத்துக்கு 10 சென்ட், அது ஃபெடரல் கோர்ட்டுக்கு மட்டும்தான், திவால் கேஸ் வேணும்னா அங்க போங்க, கவுண்டி கேஸ் அதுல வராது.

இன்னொண்ணு, ஊர்ல ஆர்டிஐ போட்டுப் பழகுனவங்க இங்கயும் ஃப்ரீடம் ஆஃப் இன்ஃபர்மேஷன் ஆக்ட்ல ஒரு மனு எழுதி கோர்ட்டுக்கு அனுப்பிட்டு உக்காந்திருப்பாங்க. அந்த சட்டம் ஃபெடரல் நிர்வாகத் துறைகளுக்குத்தான், கோர்ட்டுக்கு பொருந்தாது, டெக்சாஸோட பப்ளிக் இன்ஃபர்மேஷன் ஆக்டும் கோர்ட்ட தொடாது. ஆனா கோர்ட் பேப்பர பாக்குற உரிமை அதுக்கெல்லாம் முன்னாடியே வழிவழியா வந்தது, 1978ல முன்னாள் ஜனாதிபதி நிக்சனோட டேப் பத்தின கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே அத ஒத்துக்கிச்சு. அதனால எதுக்கு வேணும்னு நீங்க காரணம் சொல்லத் தேவையில்ல, கிளார்க்குக்கு ஒரு சாதாரண லெட்டரே போதும். தத்து எடுத்த கேஸ், சின்ன பசங்க கேஸ், ஜட்ஜ் சீல் வச்ச கேஸ் இதெல்லாம் மட்டும் அப்படி கேட்டா குடுக்க மாட்டாங்க.

லெட்டர்ல பெரிய கதை வேணாம். கேஸ் நம்பர், கேஸ்ல இருக்குற மாதிரியே பேரு, பிறந்த தேதி, என்ன பேப்பர், எத்தனை காப்பி, சாதா காப்பியா இல்ல உண்மை நகல்னு கோர்ட் சீல் வச்சுத் தர்ற சர்ட்டிஃபைட் காப்பியா, உங்க ஃபோன் நம்பர், இவ்வளவுதான். "என் கேஸ் ஃபைல் முழுக்க வேணும்"னு மட்டும் எழுதிராதீங்க, பக்கக் கணக்குல பில் வரும். கவுண்டி கிளார்க்னா பக்கத்துக்கு 1 டாலர், சர்ட்டிஃபிகேஷனுக்கு 5 டாலர். டிஸ்ட்ரிக்ட் கிளார்க் ரேட்ட ஃபோன்ல கேட்டுக்கோங்க, அப்படியே எத்தனை பக்கம்னும் கேட்டுட்டு மணி ஆர்டர் எடுங்க, நம்ம பர்சனல் செக்க நெறய ஆபீஸ்ல வாங்குறதில்ல. உங்க விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டுன கவரும் உள்ள வச்சு அனுப்பணும். இப்ப பல கவுண்டில ஈமெயில்லயோ வெப்சைட்லயோ கேட்டு கார்டுல காசு கட்டலாம், அது இருந்தா தபாலே வேணாம். ஃபோன்ல பேசுறப்போ "எனக்கு எந்த பேப்பர் போதும்?"னு கேட்டா "லீகல் அட்வைஸ் குடுக்க முடியாது"ன்னு சொல்லிருவாங்க, கோவப்படாதீங்க, அவங்களுக்கு அது ரூல். "இந்த கேஸ் எப்படி முடிஞ்சதுன்னு காட்டுற கடைசி பேப்பர் எது?"ன்னு கேளுங்க, டக்குன்னு சொல்லுவாங்க.

சிட்டிசன்ஷிப்புக்கு என்ன வேணும்னா, அந்த கடைசி பேப்பர்தான், டிஸ்பொசிஷன்னு சொல்லுவாங்க, அதுல கோர்ட் சீல் இருக்கணும். ஆனா சிட்டிசன்ஷிப் ஃபார்ம் என்-400ஓட இன்ஸ்ட்ரக்‌ஷன படிச்சீங்கன்னா, குடி போதை சம்பந்தம் இல்லாத டிராஃபிக் டிக்கெட், அரெஸ்ட் ஆகல, தண்டனை 500 டாலருக்குள்ள ஃபைன் இல்ல லைசென்ஸ்ல பாயிண்ட் மட்டும்தான்னா டாக்குமெண்ட் அனுப்ப வேணாம்னே போட்டிருக்கு. ஃபார்ம்ல கேள்விக்கு உண்மைய சொல்லணும், அது வேற. சாதாரண ஸ்பீடிங் டிக்கெட்டுக்காக ராத்திரி தூங்காம இருக்குறவங்கள பாத்திருக்கேன், அவ்வளவு தேவையில்ல, இருந்தாலும் இன்டர்வியூவுக்கு கையில ஒரு பேப்பர் வச்சுக்கிட்டா நிம்மதி, நான் வாங்கத்தான் சொல்லுவேன்.

ரெக்கார்ட் அழிச்சிட்டோம்னு கோர்ட் சொன்னா அதையே லெட்டர்ஹெட்ல எழுதி சீல் வச்சுத் தரச் சொல்லுங்க. தேடுனோம், இந்தப் பேர்ல இந்தப் பிறந்த தேதில ஒண்ணும் இல்லைன்னு வர்ற அந்த லெட்டர இமிக்ரேஷன்ல ஏத்துக்குறாங்க. சின்ன கேஸ் ஃபைல காலம் முழுக்க வச்சிருக்கணும்னு கட்டாயம் இல்ல, வர்ஜீனியாவுல ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்ல டிராஃபிக் ரெக்கார்ட 10 வருஷம்தான் வைப்பாங்க. அப்புறம் இது ரொம்ப முக்கியம், கேஸ் ரெக்கார்டையே அழிக்குற எக்ஸ்பங்ஷன் ஆர்டர் வாங்கப் போறீங்கன்னா அதுக்கு முன்னாடியே சர்ட்டிஃபைட் காப்பி வாங்கி வச்சிருங்க. அழிச்ச கேஸையும் இமிக்ரேஷன் கேக்கும், அப்ப கோர்ட்ல போய் நின்னா அவங்ககிட்ட ஒரு பேப்பரும் இருக்காது.

டைவர்ஸுக்கு வருவோம். பிறப்பு, இறப்பு பதிவு எல்லாம் வச்சிருக்குற டெக்சாஸ் ஸ்டேட் வைட்டல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆபீஸ்ல 20 டாலருக்கு ஒரு வெரிஃபிகேஷன் லெட்டர் தருவாங்க, 1968ல இருந்து நடந்த டைவர்ஸுக்கு கிடைக்கும், அது டைவர்ஸ் நடந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும், டிகிரி, அதாவது கோர்ட் தீர்ப்பாணை கிடையாது. ஊர்ல காட்ட டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிட்ட இருந்து ஜட்ஜ் கையெழுத்து போட்ட ஃபைனல் டிகிரியோட சர்ட்டிஃபைட் காப்பி வேணும், கடைசிப் பக்கத்துல உண்மை நகல்னு ஒரு வாசகம், டெப்யூட்டி கிளார்க் கையெழுத்து, தடவிப் பாத்தா மேடா தெரியுற சீலோ இல்ல கலர் முத்திரையோ இருக்கும். அத ஆஸ்டின்ல டெக்சாஸ் செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸுக்கு அனுப்பி 15 டாலருக்கு அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டுல காட்டுறதுக்கான சான்று வாங்கணும், அப்போஸ்டில ஏத்துக்குற நாடுகளோட ஒப்பந்தத்துல இந்தியா 2005ல இருந்து இருக்கு. ஸ்கேன் பண்றேன்னு ஸ்டேப்பிள் பின்ன மட்டும் கழட்டிராதீங்க, பின் கழண்ட சர்ட்டிஃபைட் காப்பிய நடுவுல பக்கம் மாத்திருக்கலாம்னு சந்தேகப்பட்டு திருப்பி அனுப்பிருவாங்க.

சீல் விஷயத்துல இவ்வளவு அழுத்தம் குடுக்குறதுக்கு காரணம் இருக்கு. 1991ல இந்திய சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கேஸ் வந்துச்சு, திருப்பதில கல்யாணம் பண்ண ஜோடி, புருஷன் மிசௌரில செயிண்ட் லூயிஸ் கவுண்டி கோர்ட்ல டைவர்ஸ் வாங்கிட்டு வந்தாரு. அந்த காப்பில அங்க உள்ள கிளார்க் சர்ட்டிஃபை பண்ணிருந்தும், அப்ப இருந்த இந்திய சாட்சிய சட்டம் கேட்ட மாதிரி அமெரிக்காவுல உள்ள இந்திய அரசு பிரதிநிதியோட சான்று இல்லைன்னு அத சாட்சியமாவே எடுக்கல. அதோட, இந்து திருமண சட்டத்துல இல்லாத காரணத்த வச்சு வெளிநாட்டுல குடுத்த டைவர்ஸே இந்தியாவுல செல்லாதுன்னும் சொல்லிட்டாங்க. அதனால பேப்பர் சரியா இருந்தாலும் ஊர்ல டிகிரி நிக்குமாங்குறது தனிக் கேள்வி, அதுக்கு சென்னைல ஒரு ஃபேமிலி வக்கீல பாத்துருங்க, நான் சொல்லி நீங்க முடிவெடுக்க வேணாம்.

மத்த ஸ்டேட்ல இருக்குறவங்களுக்கு ரெண்டு வரி. நியூயார்க்ல டைவர்ஸ் நடக்குறது சுப்ரீம் கோர்ட்னு பேர் வச்ச கீழ் கோர்ட்ல, ஃபைல் கவுண்டி கிளார்க்கிட்ட, புருஷன் பொண்டாட்டி இல்ல அவங்க வக்கீல் தவிர வேற யாருக்கும் காட்ட மாட்டாங்க, அதனால ஐடி காப்பி கட்டாயம், உங்களுக்காக ஃப்ரெண்டு சும்மா போய் கேட்டா நடக்காது. நியூஜெர்சில டிராஃபிக் எல்லாம் அந்தந்த ஊர் முனிசிபல் கோர்ட், டைவர்ஸ் சுப்பீரியர் கோர்ட். கலிஃபோர்னியால பொதுவா பக்கத்துக்கு 50 சென்ட்தான், சர்ட்டிஃபிகேஷன் மட்டும் 40 டாலர். எந்த ஸ்டேட்டா இருந்தாலும் ரெண்டு காப்பியா வாங்கிக்கோங்க, அப்போஸ்டில் போட்டு ஊருக்கு அனுப்புனது திரும்பி வர்றது கஷ்டம்.