மார்கழியில் சட்டையில்லாமல் அழகர்மலை: உச்சியில் ஏன் நடுக்கம்?
ஏறும்போது தெரியாத குளிர், மேலே நூபுர கங்கைச் சுனையருகே உட்கார்ந்ததும் வெடவெடக்க வைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். காரணம் வியர்வை. நடை நின்றதும் உடம்பில் சூடு உண்டாவது குறையும். முதுகு ஈரம் காற்றில் உலரும்போது இருக்கிற சூட்டையும் இழுத்துக்கொள்ளும்.

வியர்த்துக் கொட்ட ஏறாதீர்கள், பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும். நின்றவுடன், உட்காருவதற்கு முன்பே, முதுகையும் அக்குளையும் துடைத்துச் சட்டை போடுங்கள். இடுப்பில் கட்டிய துண்டு அதற்குள் நனைந்திருக்கும், உதவாது. உலர்ந்த துண்டும் சட்டையும் பிளாஸ்டிக் பையில் தனியாக இருக்கட்டும். கையில் தொங்கவிட்டால் குரங்கு பிடுங்கும்.

வெறுங்கால் என்றால் தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள். பனியில் ஊறிய பாதத்தில் முள் சுலபமாக ஏறும்.

வேட்டியையும் கழற்றலாமா என்றீர்கள். வேண்டவே வேண்டாம். கோயிலுக்குப் போகிற வழி அது. பொது இடத்தில் ஆபாசமாக நடந்ததாக, பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தின் 296ஆம் பிரிவில் வழக்கு வரலாம்.