பிளஸ் டூவில் கணிதம் இல்லாத மாணவிக்கு எந்தக் கணினிப் பட்டம்?

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறோம். எங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, வணிகவியல் பிரிவில் கணினிப் பயன்பாடுகள் பாடத்துடன் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணினித் துறைக்குத்தான் போவேன் என்கிறாள். பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.எஸ்சி. தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் படிப்பில் இடம் இருப்பதாகவும், உடனே முன்பணம் கட்டிச் சான்றிதழ்களைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் ஒரு முகவர் வற்புறுத்துகிறார். என்ன செய்யலாம்?

பதில்: பொறியியல் பட்டத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். பி.இ., பி.டெக். கலந்தாய்வின் தரவரிசை கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200 மதிப்பெண்களுக்குக் கணக்கிடப்படுவதால், வணிகவியல் பிரிவு மாணவிக்கு அந்த வழி நேரடியாகத் திறக்காது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு பாலிடெக்னிக்கில் சேர்ந்து, மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழி உண்டு. ஆனால் அதற்கு மொத்தம் ஆறு ஆண்டுகள் ஆகும். அதற்கும் குறைவான காலத்தில் ஒரு மூன்றாண்டுப் பட்டத்தையும் இரண்டாண்டு எம்.சி.ஏ. என்ற முதுநிலைக் கணினிப் பட்டத்தையும் முடித்துவிடலாம் என்பதால் தங்கள் மகளுக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை.

மீதமுள்ள மூன்றாண்டுப் பட்டங்களின் பெயர்களுக்கு இடையே உள்ள தொலைவு, அவற்றின் பாடங்களுக்கு இடையே இல்லை. சி அல்லது பைத்தான் மொழியில் தொடங்கி, தரவுக் கட்டமைப்பு, ஜாவா, தரவுத்தளம், இயக்க முறைமை, கணினி வலையமைப்பு என்று சென்று, கடைசிப் பருவத்தில் ஒரு புராஜெக்ட் செய்து முடிப்பது ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொதுவானது. வேறுபாடு பெரும்பாலும், முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப்பாடங்களில்தான் இருக்கிறது. பி.எஸ்சி. கணினி அறிவியலில் கணிதமோ புள்ளியியலோ துணைப்பாடமாக அமைவது வழக்கம், பி.சி.ஏ.வில் சில கல்லூரிகள் கணக்குப்பதிவியலை வைக்கின்றன, சில கணிதத்தை வைக்கின்றன. தகவல் தொழில்நுட்பத்தில் வலைத்தளம், வலையமைப்பு ஆகியவற்றின் பங்கு சற்றுக் கூடுதலாக இருக்கும்.

இந்தத் துணைப்பாட விஷயத்தைப் பெற்றோர் பலர் பொருட்படுத்துவதில்லை; தங்கள் மகளைப் பொறுத்தவரை முடிவையே மாற்றக்கூடியது அதுதான். எம்.சி.ஏ. சேர்க்கைத் தகுதியில், மேல்நிலையிலோ இளநிலைப் பட்டத்திலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் இருந்து வருகிறது. வேலையிலும் இதன் சுவடு உண்டு. பி.சி.ஏ., பி.எஸ்சி. பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து, சம்பளத்தோடு எம்.டெக். படிக்கவும் வைக்கும் விப்ரோவின் திட்டம், பட்டப்படிப்பில் கணிதம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறது; வணிகக் கணிதத்தை அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பிளஸ் டூவில் கணிதம் படிக்காத ஒருவர் பட்டத்திலும் அதைத் தவிர்த்துவிட்டால் இத்தகைய வாய்ப்புகள் ஒரே நேரத்தில் அடைபடும். ஆகவே பி.சி.ஏ.வா, பி.எஸ்சி.யா என்பதை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, முதலாண்டுத் துணைப்பாடத்தில் கணிதம் இருக்கிறதா, வணிகவியல் பிரிவு மாணவியை அதில் சேர்த்துக்கொள்கிறார்களா என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை என்பதால், பாடத்திட்டத்தை அதன் இணையதளத்தில் பார்க்கலாம். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டத்தை அக்கல்லூரியே வகுத்துக்கொள்ளும். அப்போது கல்லூரியிடமே கேட்டு வாங்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுப் பட்டத்துக்கும் இதே கேள்விதான், இன்னும் அழுத்தமாக. அத்துறையின் அடித்தளம் நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, நுண்கணிதம் ஆகியவை. அவற்றைச் சரியாகக் கற்பிக்காமல் பெயரை மட்டும் சூட்டிக்கொண்ட படிப்பில், ஆயத்த நிரல்களை இயக்க மாணவி பழகிக்கொள்வாள். அவை தவறான விடை தரும்போது எங்கே பிழை என்று தேட அவளுக்குத் தெரியாது. பொதுவான கணினிப் பட்டத்தை முடித்த பிறகு அந்தத் துறைக்குப் போகலாம். சிறப்புப் பெயர் கொண்ட பட்டத்தின் அடித்தளத்தைப் பின்னால் நிரப்புவது கடினம்.

கல்லூரியைப் பொறுத்தவரை, அரசுக் கல்லூரிகளுக்கே முதலில் விண்ணப்பியுங்கள். சேலம் கோரிமேட்டில் இருக்கும் அரசு மகளிர் கலைக் கல்லூரி ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் சாலையிலேயே அமைந்திருக்கிறது. ஆயினும் இருபது கொண்டை ஊசி வளைவுகளை நாள்தோறும் இருமுறை கடந்து படிப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். நிரலாக்கம் வகுப்பில் கேட்டு வருவதல்ல. மாலையில் கணினி முன் உட்கார்ந்து பிழை திருத்தித்தான் வரும், அந்த நேரத்தைப் பேருந்து எடுத்துக்கொள்ளும். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் மாணவியர் விடுதிகளில் இடம் கிடைக்குமா என்று கல்லூரி தொடங்கும் முன்பே விசாரியுங்கள். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதால், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயும் அவளுக்கு உரியது.

வணிகவியல் பிரிவில் படித்ததால் பின்தங்கிவிடுவாளோ என்று அஞ்ச வேண்டாம். கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்.டி.எம்.எல்., பி.எச்.பி., மைஎஸ்கியூஎல் ஆகியவற்றை அவள் பார்த்திருக்கிறாள். அறிவியல் பிரிவினர் சி++, பைத்தான் படித்திருப்பார்கள். வகுப்பு தொடங்கும் வரையுள்ள வாரங்களில் பைத்தானில் நிபந்தனை, சுழற்சி, பட்டியல் வரை பழகிவிட்டால் இடைவெளி பெரும்பாலும் குறைந்துவிடும். உண்மையான சிரமம் ஆங்கிலப் பாடநூல்தான். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்கள் தமிழ்க் குரலில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் கேட்டுவிட்டு அதே பகுதியை ஆங்கில நூலில் படிக்கச் சொல்லுங்கள். மடிக்கணினிக்கு இப்போதே கடன் வாங்க வேண்டியதில்லை. முதல் பருவத்துக்குக் கல்லூரி ஆய்வகம் போதும். பிறகு வாங்கும்போது 8 ஜிபி நினைவகமும் எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகமும் இருந்தால் பழைய கணினியே உழைக்கும்.

வேலை பற்றித் தாங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு சொல்: சேலம் ஜாகீர் அம்மாபாளையத்தில் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருந்தாலும், சேலத்துப் பட்டதாரிகளில் பலர் பெங்களூரு, சென்னை, கோவைக்குத்தான் செல்கிறார்கள். மகளை வெளியூருக்கு அனுப்பத் தயாரா என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

முகவரிடம் பணமோ சான்றிதழோ கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அந்தக் கல்லூரியின் பி.சி.ஏ.வையும் பரிசீலிப்பதாக இருந்தால், 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.சி.ஏ.வும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) ஒப்புதல் வரம்புக்குள் வந்துவிட்டதால், ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாண்டுக்குமான கட்டண விவரத்தை எழுத்தில் கேளுங்கள். அரசுக் கல்லூரிகளின் தரவரிசைப் பட்டியல் வெளியாகும் வரை வேறெங்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.