நாலில் சனி: கவுன்சலிங் அறையில் ஜாதகத்துக்கு என்ன வேலை?

கேள்வி: என் வயது 36. கோத்தகிரி பக்கம் ஊர். ஒன்றரை ஏக்கர் தேயிலையையும் அம்மாவையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சரியான தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று குன்னூரில் ஓர் உளவியல் ஆலோசகரிடம் போகிறேன். போன முறை, "ஜாதகம் இருந்தால் கொண்டுவாங்க, அதை வச்சுப் பேசிப் பார்ப்போம்" என்றார். எனக்கு லக்னத்துக்கு நாலில் சனி. "தாய்க்கு ஆகாது" என்று கேட்டே வளர்ந்தவள். இப்போது அஷ்டமச் சனி வேறு நடக்கிறதாம். சிகிச்சைக்குப் போன இடத்திலும் ஜோசியமா? தொடரலாமா?

பதில்: தொடரலாம், ஒரு நிபந்தனையோடு. அந்த அறையில் ஜாதகத்துக்கு அர்த்தம் சொல்வது நீங்களாக இருக்க வேண்டும். அவர் சொல்ல ஆரம்பித்தால் அது ஜோசியம்.

இந்த முறைக்கு முன்னோடி சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங். சிக்கலான நோயாளிகளை வேறொரு கோணத்தில் பார்க்க ஜாதகத்தைக் கேட்டு வாங்குவதுண்டு என்று 1947-ல் பெங்களூர் ஜோதிடர் பி.வி. ராமனுக்கு அவரே எழுதியிருக்கிறார். பிறகு 483 தம்பதிகளின் ஜாதகங்களை ஒப்பிட்டும் பார்த்தார். முதல் 180 ஜோடிகளில் கிரக நிலைக்கும் திருமணத்துக்கும் இடையே தெரிந்த தொடர்பு, எண்ணிக்கை கூடக்கூடக் கரைந்துபோனது. அதனால் கிரகம் உங்கள் குணத்தைத் தீர்மானிக்கிறது என்று எந்த ஆலோசகரும் சொல்ல முடியாது. ஆனால் மனசுக்குள் இருப்பதை வெளியே எடுத்துப் பேச ஒரு படம் வேண்டும். நம் வீடுகளில் அந்தப் படம் சின்ன வயதிலேயே கையில் கொடுக்கப்பட்டுவிடுகிறது.

உங்கள் விஷயத்தில் எப்படிப் போகும்? 45 நிமிட அமர்வில் இதற்கு 15, 20 நிமிடம் போதும். ஒரு கிரகம், ஒரு கட்டம், அவ்வளவுதான். முதலில் சனி என்றதும் யார் குரல் காதில் கேட்கிறது, என்ன வார்த்தையில் கேட்கிறது என்று சொல்ல வேண்டும். "தாய்க்கு ஆகாது" என்று முதலில் சொன்னது யார், அப்போது உங்களுக்கு என்ன வயது, பக்கத்தில் அம்மா இருந்தாரா? இங்கே அவசரப்படக் கூடாது. அம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் தன்னால்தான் என்று நடுங்கும் பழக்கம் பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்கியிருக்கும்.

அடுத்தது கட்டம். நாலாம் இடம் தாய்க்கு மட்டும் உரியதில்லை. வீடு, நிலம், சுகம் எல்லாம் அதில்தான். சனியோ உழைப்புக்கும் பொறுப்புக்கும் தாமதத்துக்கும் காரகன், அதாவது அவற்றைக் குறிக்கும் கிரகம். நிலத்தையும் தாயையும் தாங்கி நிற்கும் உழைப்பாளி என்றும் அதே கட்டத்தைப் படிக்கலாம். உங்கள் வாழ்க்கையோடு எது ஒட்டுகிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒட்டாததையும் சொல்லுங்கள்: அம்மா நன்றாக இருந்த வருடங்களில் சனி எங்கே போயிருந்தார்? கடைசியில் ஒரு காரியம் கையில் இருக்க வேண்டும். சுக ஸ்தானம் என்கிற அந்த நாலாம் இடத்தில் சுகம் மட்டும் காலியாகக் கிடக்கிறது என்று தோன்றினால், வாரத்தில் ஓர் அரைநாள் அம்மாவை யாரிடமாவது விட்டுவிட்டு வெளியே போவது என்பதுபோல. இப்படி இரண்டு, மூன்று அமர்வுக்கு மேல் கட்டத்தைத் தொடாமல் நேராகப் பிரச்சினைக்கு வந்துவிடுவது நல்லது.

எங்கே கெடும்? "எனக்கு அப்படியே பொருந்துதே" என்ற வியப்பில். 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களுக்கு "உன் குணம் இது" என்று ஒரே குறிப்பைக் கொடுத்தார். அதில் பெரும்பகுதி கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது. அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு, சராசரியாக ஐந்துக்கு 4.26 என்று மதிப்பெண் போட்டார்கள். அதனால் பொருத்தத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து, "அஷ்டமச் சனி முடியட்டும்" என்பது. சந்திரன் நின்ற ராசிக்கு எட்டில் சனி இருக்கும் காலம் சுமார் இரண்டரை ஆண்டு. மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்க்க அத்தனை நாள் காத்திருக்கவே கூடாது. ஆலோசகர் தேதி குறித்துப் பலன் சொன்னாலோ, பரிகாரம், ராசிக்கல் என்றாலோ அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கிரகங்கள் தனக்குக் கட்டளையிடுவதாகவோ யாரோ செய்வினை வைத்ததாகவோ உறுதியாக நம்புகிறவர்களிடம் இந்த முறையைத் தொடவே கூடாது. அது நோயை வளர்க்கும்.

நீங்கள் எழுதியதில் எங்களுக்குக் கவலை தருவது சனி இல்லை, தூக்கமும் பிடிப்பின்மையும்தான். இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே சோர்வு வரும். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது; இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்த முறை ஜாதக நோட்டை முழுசாகக் கொண்டுபோக வேண்டாம். ராசிக் கட்டத்தை மட்டும் ஒரு தாளில் வரைந்து எடுத்துப் போங்கள். பலன் எழுதிய பக்கங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.