சிற்றூருக்கு வந்தபின் கூடும் எரிச்சலைப் பற்றி

வணக்கம். வெளிநாட்டில் ஒரு பெருநகரத்தில் சில காலம் இருந்துவிட்டு, அதே நாட்டின் ஒரு சிற்றூருக்குக் குடிமாறிய பிறகு, சின்னச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் கோபம் வருகிறது என்றும், இங்கேயே நிலைத்துவிட்டவர்கள் எப்படி நிதானமாக இருக்கிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஊரின் அமைதி நாளடைவில் தானாக மனத்தில் படிந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. வந்த புதிதில் சிற்றூர் எரிச்சலைக் கூட்டவே செய்யும். பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது எளிதில் வராது. அலுவலகத்தில் இருப்பவர் ஒரே எழுத்தர் என்பதால், அவர் விடுப்பில் போனால் உங்கள் விண்ணப்பமும் விடுப்பில் போய்விடும். நகரத்தில் இதே தாமதம் நேர்ந்தால் வேறு கிளைக்குப் போகலாம், வேறு மருத்துவரைப் பார்க்கலாம். இங்கே அந்த மாற்றுவழி இல்லாததுதான் பாதிக் கோபத்துக்குக் காரணம்.

பெருநகரவாசிகள் முன்பின் தெரியாதவர்களிடம் ஒட்டாமல் நடந்துகொள்வது அவர்களுடைய குணக்கேட்டால் அல்ல, அளவுக்கு மீறி வந்து குவியும் முகங்களையும் கோரிக்கைகளையும் சமாளிப்பதற்காகவே என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970இல் எழுதினார். அந்தப் பழக்கத்தை நாம் சிற்றூருக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். நகரத்தில் யாரிடமாவது வெடுக்கென்று பேசினால் அவரை மறுபடி பார்க்கவே நேராது. இங்கே காலையில் நீங்கள் கடிந்துகொண்ட எழுத்தர் மாலையில் உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் தம் பிள்ளைக்காகக் காத்து நிற்பார். எல்லோரும் எல்லோரையும் அறிந்திருப்பது ஒருவகைக் கண்காணிப்பு என்பதையும், அது சில நாள் மூச்சுமுட்ட வைக்கும் என்பதையும் நான் மறுக்கமாட்டேன். ஆனால் என் நாவை அடக்கியது பெரும்பாலும் அதுதான்; பொறுமை பிறகுதான் வந்தது.

காத்திருப்பதைப் பொறுத்தவரை உங்களுக்கு உடனே பயன்படக்கூடிய ஒன்று உண்டு. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும், காரணம் சொல்லப்படாத காத்திருப்பும் உள்ளபடியைவிட நீளமாகத் தோன்றும் என்று மேலாண்மை அறிஞர் டேவிட் மைஸ்டர் 1985இல் விளக்கியிருக்கிறார். ஆகவே, “ஏன் இன்னும் முடியவில்லை?” என்று கேட்பதைவிட, “எந்த நாளில் வந்து பார்க்கட்டும், அதற்குள் நான் தர வேண்டிய தாள் ஏதும் பாக்கி உண்டா?” என்று கேளுங்கள். நாள் தெரிந்துவிட்டால், அதுவரை அந்த வேலையை மனத்தில் சுமந்து திரிய வேண்டியதில்லை. கேள்வியை அந்நாட்டு மொழியில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போவதும் நல்லது, ஏனெனில் சொல் கிடைக்காமல் தடுமாறும்போது வரும் அவமானத்தை நாம் எதிரில் இருப்பவர்மீது கோபமாகக் கொட்டிவிடுகிறோம்.

இரவில் சொந்த ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தால் மனம் ஆறும் என்று நினைப்போம். ஆனால் அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்களைவிட, எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கே கோபம் குறைவாக இருந்தது. பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே சம்பவத்தை அக்காவிடம் ஒருமுறை, நண்பரிடம் ஒருமுறை என்று திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தாமதம் எல்லோருக்கும் பொதுவானதா, நிறத்தையோ பெயரையோ பார்த்து உங்களுக்கு மட்டும் நேர்கிறதா என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு மட்டும் என்றால் அது எரிச்சல் அல்ல, அநீதி. அப்போது வாக்குவாதத்தில் இறங்காமல், நாள், நேரம், சொல்லப்பட்ட வார்த்தை ஆகியவற்றை அன்றைக்கே குறித்து வைத்து, மேலதிகாரிக்கு எழுத்தில் முறையிட்டு, அனுப்பியதற்கு ஒரு நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.