இறை அழைத்தல்: கேள்விகளும் பதில்களும்

குருவாகவும் கன்னியராகவும் இறைவன் அழைப்பதற்காகச் செபிக்கும் நல்லாயன் ஞாயிறு வருகிறதே என்று கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். முப்பது வருடம் மறைக்கல்வி எடுத்து, பீடச்சிறுவர்களைக் கவனித்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திங்கள்சந்தை அம்மா: பிரசவத்தில் பிள்ளை பிழைத்தால் சாமியாருக்கு (குருவாக) விடுகிறேன் என்று அந்தோணியாருக்கு நேர்ந்தேன். பத்தாவது முடித்தவன் பாலிடெக்னிக் போகிறேன் என்கிறான். நேர்ச்சை தவறினால் பாவமா?

அம்மா, பயப்படாதீர்கள். நேர்ந்தது நீங்கள், அவன் அல்ல. நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்று திருச்சபைச் சட்டம் 1193 சொல்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் கட்டாயப்படுத்திக் குருவாக்கக் கூடாது என்பது சட்டம் 1026. உங்கள் மனசு உறுத்தினால் பங்குத்தந்தையைப் பாருங்கள். தகுந்த காரணம் இருந்தால் இப்படிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்க அவருக்கே அதிகாரம் உண்டு. பையனைப் பாலிடெக்னிக்கில் சேருங்கள்.

குளச்சல்: குருவாகப் படிப்பு எத்தனை வருடம்?

தத்துவம் 2, இறையியல் 4. சிறிய குருமடம் (குரு மாணவர் தங்கிப் படிக்கும் இடம்), கல்லூரி, களப்பணி எல்லாம் சேர்ந்தால் பத்தைத் தாண்டும். குருப்பட்டத்துக்கு 25 வயது நிரம்ப வேண்டும்.

கருங்கல்: அன்னா சாமுவேலை நேர்ந்து கொடுக்கவில்லையா? அது தப்பா?

தப்பில்லை. ஆனால் 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தையும் படியுங்கள். அம்மா கொண்டுபோய் விட்ட அதே பிள்ளையை, கோவிலில் படுத்திருந்தபோது ஆண்டவரே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மூன்றாம் தடவைதான் கோவில் குரு ஏலிக்கே விளங்குகிறது. "பேசும், உம் அடியேன் கேட்கிறேன்" என்று பதில் சொன்னது சாமுவேல், அன்னா இல்லை. அம்மா கோவில்வரை கொண்டுபோய் விடலாம். பதிலைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

கருங்கல் (மறுபடியும்): நீங்கள் இப்படிப் பேசுவதால்தான் குருமடத்துக்கு ஆள் குறைகிறது.

அண்ணே, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் மூன்றாம் வருடம் குருமடத்திலிருந்து திரும்பினான். வெளிச்சத்தில் வந்தால் தெருவில் ஆள் நிற்குமே என்று வடசேரி பஸ் நிலையத்தில் பெட்டியோடு ராத்திரிவரை உட்கார்ந்திருந்து, கடைசி பஸ்ஸில் வந்தான். கதவைத் திறந்த அம்மா கேட்ட முதல் வார்த்தை: "ஊருக்கு நான் என்ன சொல்ல?" சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அதன்பிறகு எந்த வீட்டிலும் இதைச் சொல்லாமல் நான் வந்ததில்லை: திரும்பி வருகிறவன் தோற்றுப்போனவன் அல்ல. அழைப்பு உண்டா இல்லையா என்று பார்க்கத்தானே அத்தனை வருடம்? குருவானால்தான் புனிதரா? நட்டாலத்துத் தேவசகாயம் குருவா? மனைவியோடு வாழ்ந்த குடும்பஸ்தர். 2022 மே 15-இல் புனிதர் பட்டம் பெற்றார். கோட்டாறு சவேரியார் கோவிலில் அவர் கல்லறைமுன் நாம்தானே முழந்தாள்படியிடுகிறோம்.

அருமனை: எந்த மறைமாவட்டத்தில் சேர வேண்டும்?

இலத்தீன் வழிபாட்டு முறை என்றால் உங்கள் பங்கு எதில் இருக்கிறதோ அதில். 2014-இல் கோட்டாறிலிருந்து குழித்துறை பிரிந்தது. மலங்கரை என்றால் மார்த்தாண்டம், சீரோ மலபார் என்றால் தக்கலை.

முட்டம்: அன்பியத்தில் (பக்கத்து வீட்டார் கூடிச் செபிக்கும் குழுவில்) இறை அழைத்தலுக்காக எப்படிச் செபிக்கலாம்?

அறுவடைக்கு ஆள் அனுப்பும்படி அறுவடையின் உரிமையாளரிடம் கேளுங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 9:38). 1964 முதல் நல்லாயன் ஞாயிறு இதற்கான உலக செப நாள். செபமாலையில் கடைசிப் பத்து மணியை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒன்று மட்டும் வேண்டாம்: பையனை உட்கார வைத்துக்கொண்டு, அவன் பெயரைச் சத்தமாகச் சொல்லிச் செபிக்காதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு அவன் வரமாட்டான். ஏற்கெனவே இருக்கிற சாமியாருக்காகவும் செபியுங்கள். காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி கொண்டு போங்கள்.

தக்கலை: என் மாமியார் நேர்ந்துவிட்டார்...

முதல் பதிலையே படியுங்கள். மாமியார் நேர்ந்தாலும் அதே சட்டம்தான்.

இரணியல்: என் தங்கை கன்னியர் மடத்தில் சேர விரும்புகிறாள்.

பக்கத்து மடத்து அருட்சகோதரிகளிடம் கேட்கச் சொல்லுங்கள். என்னைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

மணக்குடி, பிளஸ் டூ மாணவன்: எனக்கு ஆசை. ஒரே மகன் என்று அப்பா விடமாட்டேன் என்கிறார்.

மக்களே, அதே 1026-க்கு இன்னொரு பாதி இருக்கிறது: தகுதியுள்ளவனைத் தடுக்கவும் கூடாது. ஆனால் சட்டத்தைக் காட்டி அப்பாவிடம் சண்டை போடாதே. வயசான காலத்தில் யார் பார்ப்பார் என்பதுதான் அவர் பயம், அது நியாயமான பயம். கடலுக்குப் போகாத ஒரு நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு பங்குத்தந்தையிடம் போ. அந்தப் பயத்தை முதலில் அவரே வாய்விட்டுச் சொல்லட்டும். உன் ஆசையை நீ அதற்குப்பிறகு சொல்.